கேனைத் திறந்து காட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஆம்பளைங்களோட விந்தை உறைய வச்சு, பெறகு உருக வச்சு, ரெண்டுக்கும் நடுவுல அது செத்துப்போகாமப் பாத்துக்கிடுறது என் வேலை. கோவில்பட்டியில ஒரு பிள்ளைவரம் ஆசுபத்திரியில, மாடியில, ஜன்னல் இல்லாத ஒரு ரூமுல பதிமூணு வருஷமா இதத்தான் பாக்குதேன். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க "என்னம்மா வேலை?"ன்னு கேட்டா "லேபுல ரத்தம் டெஸ்ட் எடுக்கேன்"னு சொல்லித் தப்பிச்சிருவேன். உண்மையச் சொன்னா பந்தியில பக்கத்துல உக்கார யோசிப்பாங்க.

நீங்களும் இப்படி ஏதாவது ஒண்ணுல மாட்டியிருப்பீங்க. அடுத்தவங்க பொருளை வாங்கி வச்சுக்கிட்டு, "பத்திரமா இருக்கும், கவலைப்படாமப் போங்க"ன்னு வாய் கூசாமச் சொல்லிட்டு, அவங்க படி இறங்குன பெறகு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்குற வேலை எதுவா இருந்தாலும் சரி, நீங்க நம்ம கூட்டம். உங்களுக்காகத்தான் இத எழுதுதேன். மத்தவங்களுக்கு இது புரியாது. புரிஞ்சாலும் சிரிப்பாங்க.

மஞ்சக்கரு

விந்தை அப்படியே கொண்டுபோயி உறைய வச்சா அணுவெல்லாம் செத்துரும். உள்ள இருக்கிற தண்ணி ஐஸாகி, ஊசி ஊசியா வளந்து, அணுவோட தோலைக் கிழிச்சிரும். அது நடக்காம இருக்கத்தான் ஒரு மருந்துத்தண்ணி சேக்கோம். அதுல கிளிசரால் இருக்கும், சர்க்கரை இருக்கும், சில கம்பெனி மருந்துல கோழிமுட்டை மஞ்சக்கருவும் இருக்கும். இதெல்லாம் சம்மத ஃபாரத்துல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். பதிமூணு வருஷத்துல அந்த ஃபாரத்த முழுசா வாசிச்சது ஒரே ஒரு ஆளுதான்.

தீப்பெட்டி யூனிட் வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தரு. பரம்பரைச் சைவம். யாவார விஷயமா மாசத்துல பாதி நாளு வெளியூருல இருக்கிறவரு, அதனால சம்சாரத்துக்கு வைத்தியம் நடக்கிற அன்னைக்கு உதவட்டும்னு முன்கூட்டியே எடுத்து வைக்க வந்தாரு. கண்ணாடியப் போட்டு ஒவ்வொரு வரியா விரல வச்சு வாசிச்சாரு. மஞ்சக்கருங்கிற இடம் வந்ததும் பேனாவ மூடிச் சட்டைப்பையில சொருகிட்டாரு. நான் தொண்டை வத்தப் பேசுனேன். "உருக வச்ச பெறகு நல்லாக் கழுவித்தான் எடுப்போம் அண்ணாச்சி, ஒரு சொட்டு கூட உள்ள போகாது"ன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணாத குறை. பேனாவ மறுபடி எடுத்துக் கையெழுத்தப் போட்டாரு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு.

"கழுவிருவீங்கன்னா செரிம்மா. ஆனா எங்க அம்மா காதுல மட்டும் விழுந்திரக் கூடாது. அவியளுக்குத் தெரிஞ்சா, பேரப்பிள்ளை பொறந்ததும் மொதல்ல அதக் கழுவிட்டு வாங்கன்னு சொல்லுவாவ."

கடலைமிட்டாய்க்காரர்

எங்க ஊருக்காரங்க எல்லாரும் கேக்குற மொதக் கேள்வி, "கரண்டு போனா என்ன ஆகும்?"ங்கிறதுதான். நியாயமான கேள்வி. ஆனா எங்க கேனுக்குக் கரண்டே வேண்டாம். இடுப்பு உசரத்துக்கு ஒரு அலுமினியக் கேன். உள்ள திரவ நைட்ரஜன், புகை புகையா. நாம நெனச்சுப் பாக்க முடியாத குளிரு. பால் கேன் மாதிரி கழுத்து குறுகலா இருக்கும். அதுக்குள்ள நீளக் குச்சிகள்ல சின்னச் சின்னக் குப்பிய மாட்டி முக்கி வச்சிருப்போம். நைட்ரஜன் குறையாமப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்குல அப்படியே இருக்கும்.

கடலைமிட்டாய் போடுற ஒருத்தரு வந்திருந்தாரு. அணு கம்மி, அதனால நாலஞ்சு தடவையா எடுத்துச் சேத்து வைக்க வேண்டியிருந்துச்சு. நான் அந்த மருந்துத்தண்ணியச் சொட்டுச் சொட்டா விடுறதக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே நின்னாரு. "ஏன் மொத்தமா ஊத்துனா என்ன?"ன்னு கேட்டாரு. மொத்தமா ஊத்துனா அணு சுருங்கிச் செத்துரும்னு சொன்னேன். நேரா நைட்ரஜன்ல போட்டாலும் போச்சு. மொதல்ல அரை மணி நேரம் புகையில காட்டி, மெல்ல மெல்லக் குளிர விட்டு, அதுக்கப்புறம்தான் முக்கணும். எடுக்கும்போதும் ஒரு பக்குவம் இருக்கு. இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சாலும் பாதிக்குப் பாதி செத்துத்தான் போகும்னு சொன்னேன். அவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, சொந்தத் தொழில்காரன் மாதிரி தலையாட்டுனாரு.

"எங்களுக்குப் பாகு பதம் தப்புனா மிட்டாய்தாம்மா கெட்டுப்போகும், கடலைக்கு ஒண்ணும் ஆகாது. உங்க வேலையில பதம் தப்புனா கடலையே போயிருதே!"

அஞ்சு குப்பி

இனிமே சொல்லப்போறது எல்லாம் ஒரே ஒரு வீட்டுக்காரங்களப் பத்தினது. சிரிக்க வச்ச மத்தக் கதையெல்லாம் இதுக்கு அப்புறம் எனக்குச் சிரிப்பாவே இல்ல.

முத்துராசும் பேச்சியும் எப்போதும்வென்றான்ங்கிற ஊருல இருந்து வந்தாங்க. அவனுக்கு இருபத்தேழு வயசு, லோடு ஆட்டோ ஓட்டுதான். அவ இங்கன டவுனுக்குப் பக்கத்துல தீப்பெட்டி அடைக்கிற வேலைக்கு வாறவ. கல்யாணமாகி ஏழு மாசம். கழுத்துல நெறி கட்டியிருக்குன்னு மதுரைக்குப் போனா, கேன்சர்னு சொல்லிட்டாங்க. குணப்படுத்திரலாம், ஆனா ஊசி ஏத்த ஆரம்பிச்சா பெறகு பிள்ளைக்கு வழி இல்லாமப் போனாலும் போகும், அதுக்கு முன்னாடி எடுத்து வச்சிட்டு வாங்கன்னு ஒரு புண்ணியவான் எழுதிக் குடுத்து அனுப்பியிருந்தாரு. கையில இருந்தது நாலு நாளு.

மொத நாளு அந்த ரூமுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்துட்டு வெறும் டப்பாவோட வெளிய வந்தான். முகமே செத்துப் போயிருந்துச்சு. "பயப்படாத தம்பி, நாளைக்கு வா"ன்னு அனுப்பி வச்சேன். மறுநாளும், அதுக்கடுத்து ஒருநா விட்டும் குடுத்தான். நல்ல அணு. நான் எங்க அம்மா மேல ஆணையாச் சொல்லுதேன், அந்த ரெண்டு நாளும் அந்த மருந்துத்தண்ணிய மூச்சப் பிடிச்சுக்கிட்டு விட்டேன். மொத்தம் அஞ்சு குப்பி தேறுச்சு. அஞ்சையும் ஒரே குச்சியில மாட்டி, பேரெழுதி இறக்குனேன். சோதனைக்குன்னு தனியா வச்ச ஒரு துளிய உருக வச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா, பாதிக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு. ரிஜிஸ்தர்ல "நன்று"ன்னு எழுதுனேன். அந்த வார்த்தைய எழுதி எவ்வளவோ நாளாச்சு. முத்துராசு கேனைக் கையால தொடாம, சும்மா சுத்தி வந்து பாத்துட்டுச் சொன்னான்:

"அஞ்சு இருக்குல்லாக்கா? அஞ்சுல ஒண்ணு கூடவா உருப்படாமப் போயிரும்?"

ஒரு வாட்டி காட்டுங்க

அவன் மதுரையில வார்டுல படுத்திருக்கான். துணைக்கு அவன் தம்பி இருந்தான். பேச்சிக்குத் தீப்பெட்டி வேலைய விட முடியாது. ஞாயித்துக்கிழமைதான் யூனிட்டுக்கு லீவு. நாங்க ஞாயிறு மத்தியானம் வரைக்கும் தொறந்திருப்போம். ஒரு ஞாயிறு காலையில படியேறி வந்தா. கையில மருந்துச் சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னன்னு கேட்டா, "அவிய வச்சிட்டுப் போனதப் பாக்கணும்"னு சொல்லுதா.

ஏட்டி, அது பீரோவுல வச்ச பட்டுச்சேலையா, எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வைக்க? முடியாதுன்னுதான் சொன்னேன். எங்க வேலையில அது சட்டம். குச்சியக் கேனோட கழுத்துக்கு மேல தூக்கக் கூடாது. எடுத்தே ஆகணும்னாலும் பத்து எண்ணுறதுக்குள்ள உள்ள இறக்கிரணும். வெளிச்சூடு பட்டா, ஆடாம அசையாமக் கெடக்குற அந்தத் துளி ஐஸு மறுபடியும் ஊசியா வளர ஆரம்பிச்சிரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல எனக்கு நாக்குக் கெடையாது.

ஆனா அவ நகரல. முந்தின ஞாயிறு வார்டுல அவனப் பாத்துட்டு வந்திருக்கா. தலையில முடி இல்ல, புருவம் இல்ல, சோறு இறங்கல, பேச்சு இல்ல. "அங்கன படுத்திருக்கிறது அவிய மாதிரியே இல்லக்கா"ன்னு சொல்லி அழுதா. யாரும் இல்லாத நேரம். கையுறையப் போட்டு, மூடியத் தொறந்து, புகைக்குள்ள இருந்து அந்தக் குச்சியத் தூக்கிக் காட்டுனேன். அஞ்சு குப்பியும் வெள்ளையாப் பனி பூத்து நின்னுச்சு. பேரத் தேடி வாசிச்சா. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா. எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அரை நிமிஷம். அரை நிமிஷத்துல என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன்.

"பேரு நல்லாத் தெளிவா இருக்குக்கா. இன்னைக்கு நான் சோறு திம்பேன்."

ஒரு துணியாவது

அதுக்கப்புறம் மாசத்துல ஒரு ஞாயிறு அவளுக்குன்னு ஆயிப்போச்சு. நானும் அவ வாறத எதிர்பாக்க ஆரம்பிச்சிட்டேன், அதயும் சொல்லிருதேன். எந்நேரமும் செத்ததையும் சாகப்போறதையும் எண்ணிக்கிட்டு இருக்கிற ரூமுக்குள்ள ஒருத்தி வந்து, பாத்துட்டு, சிரிச்சிட்டுப் போறா. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு.

ஒரு தடவை மாமியாளையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா. அந்த அம்மா ஊர்க் கோயில்ல இருந்து திருநீறு மடிச்சுக் கொண்டுவந்திருக்கு. குப்பிக்குப் பூசணுமாம். "ஆத்தா, அதுல கை பட்டா விரலு கருகிரும்"னு சொன்னேன். கேக்கல. கடைசியில கேன் மூடியில மூணு வரி இழுத்து விட்டாத்தான் ஆச்சுன்னு ஆச்சு. சரி, தொலையட்டும்னு மூடியக் கையில எடுத்துக் குடுத்தேன். அந்த அம்மா கண்ண மூடி, குலதெய்வத்துல ஆரம்பிச்சு வரிசையாப் பேரச் சொல்லிக் கும்பிடுது. கேன் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. ரெண்டு பேரும் பாக்கட்டும்னு ஒரு கையில நான் குச்சியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், சாமி கும்பிடுறவங்கள எப்படி அவசரப்படுத்துறதுன்னு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும். கும்பிட்டு முடிச்சுக் கண்ணத் தொறந்து, அந்த வெள்ளைப் புகையப் பாத்ததும் அந்த அம்மாவுக்குத் தாரை தாரையாக் கண்ணீரு.

"எம்மாடி, எம்புள்ள இந்தக் குளிருல கெடக்கானே! ஒரு துணியாவது சுத்தி வைக்கக் கூடாதா?"

நைட்ரஜன் வண்டி

மதுரையில இருந்து நைட்ரஜன் கொண்டுவாற டிரைவர் அண்ணன், வாரம் ஒருக்க வந்து ஊத்திட்டுப் போவாரு. மரக்குச்சிய விட்டு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்து சொல்லுவாரு. மத்த ரெண்டு கேனும் ஒரே சீரா இருக்கும். முத்துராசு குப்பி இருக்கிற மூணாவது கேனு மட்டும், பேச்சி வந்துட்டுப் போன வாரத்துல, மத்ததவிட வேகமாக் குறையும். மூடி லூசா இருக்கும், மாத்தணும்னு ஏதோ உளறுனேன். அவரு மூடியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அதுல திருநீறு இன்னும் போகாம இருந்துச்சு.

"மூடி நல்லாத்தான் இருக்கு தாயி. மூடி வச்சிருந்தா ஏன் இவ்வளவு குறையப் போகுது?"

பூச்சியம்

முத்துராசு பொழைச்சிட்டான். அத மொதல்ல சொல்லணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, முடி முளைச்சுது, ஒடம்பு தேறுச்சு, ஆட்டோவ எடுத்துட்டான். பேச்சி அவனக் கூட்டிக்கிட்டு வந்தப்ப எனக்கே ஆரத்தி எடுக்கணும்போல இருந்துச்சு. டாக்டரம்மா அவனுக்கு டெஸ்ட் எழுதுனாங்க. நான் பாத்தேன். கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தேன். மிஷின்ல சுத்திவிட்டு, அடியில படிஞ்சத எடுத்து மறுபடியும் பாத்தேன். ஒரு அணு கூட இல்ல. மூணு மாசம் விட்டுப் பாத்தோம், ஆறு மாசம் விட்டுப் பாத்தோம். எழுத வேண்டியது பூச்சியம்தான்.

நெறையப் பேரு இந்த இடத்துல ரிப்போர்ட்டக் கிழிச்சிருக்காங்க, என்னைத் திட்டியிருக்காங்க, ஒருத்தரு மைக்ராஸ்கோப்பு சரியில்லன்னு சண்டைக்கு வந்திருக்காரு. இவன் சத்தம் போடல. மூணாவது கேனு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கமாக் கையக் காட்டுனான்.

"அப்ப நெசமான நான் அதுக்குள்ளதான் இருக்கேன். இங்கன நிக்கிறது சும்மா, வண்டி ஓட்டுறதுக்கு."

நன்று

சரி, அந்த அஞ்சு இருக்கேன்னு ஆரம்பிச்சோம். பேச்சிக்கு மாத்திரை, ஊசி எல்லாம் குடுத்து நாள் குறிச்சாங்க டாக்டரம்மா. மொதக் குப்பிய எடுத்தேன். பதமாத்தான் உருக வச்சேன், பதமாத்தான் கழுவுனேன். மைக்ராஸ்கோப்புல பாத்தா, கரிசல்ல மழை பொய்ச்ச வருஷம் வெதச்ச உளுந்து மாதிரி அங்கங்க கெடக்கு. ஓடுறது நாலோ அஞ்சோ. சில குப்பி அப்படித்தான் இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். இருந்தத டாக்டரம்மா கர்ப்பப்பையில செலுத்திப் பாத்தாங்க. நிக்கல. மறு மாசம் ரெண்டாவது குப்பி. அதுல ஓடுறது ஒண்ணுதான், அதுவும் ஓடல, வாலை ஆட்டுது. மூணாவதுல எல்லாம் அப்படி அப்படியே படுத்திருக்கு. அன்னைக்குப் பேச்சிய மேல ஏத்தாமலே கீழ வச்சு, இன்னைக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டோம். ரெண்டு பேரும் கீழ பஸ்ஸுக்கு நிக்கிறத மாடி வராண்டாவுல இருந்து பாத்தேன். அவன் அவ தலையில துண்டப் போட்டு வெயில மறைச்சான்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. கத்த மாட்டாங்க. அதே மாசத்துல எடுத்த மத்தவங்க குப்பியெல்லாம் நல்லா இருக்கு, மருந்து ஒண்ணு, ஆள் ஒண்ணு, கேன் ஒண்ணு, இது மட்டும் ஏன்னு கேட்டாங்க. எனக்கு அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. முந்தின நாளே படுக்கையில எண்ணிப் பாத்திருந்தேன். வேற யாரு குச்சியையும் காட்டுறதுக்குன்னு நான் தூக்குனது இல்ல. இந்த ஒரு குச்சியத்தான் தூக்குனேன். எத்தனை ஞாயிறு! ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் எளகி, மறுபடி எறுகி, கொஞ்சம் எளகி, மறுபடி எறுகி. நான் எதத் தடுக்கச் சம்பளம் வாங்குதேனோ அத நானே மாசாமாசம் செஞ்சிருக்கேன். எல்லாத்தையும் சொன்னேன். அவங்க ரிஜிஸ்தரப் பெரட்டி, பழைய பக்கத்துல விரல வச்சாங்க.

"இதுல 'நன்று'ன்னு இருக்கும்மா. உன் கையெழுத்துதான். போயி அந்தப் பிள்ளைகிட்ட நீயே சொல்லு."

சொன்னது

சொல்லாம விட்டிருக்கலாம். விதின்னு நெனச்சுட்டுப் போயிருப்பாங்க, எங்க ஊருல எல்லாத்துக்கும் அது ஒண்ணு இருக்கு. நாலு நாளு சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். அஞ்சாவது நாளு தீப்பெட்டி யூனிட் வாசல்லயே போயி நின்னேன். சாயங்காலம் வேலை விட்டுப் பொம்பளைங்க கூட்டமா வெளிய வாராங்க, கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாசத்தோட. என்னைப் பாத்ததும் பேச்சி ஓடி வந்தா. நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்னு நெனச்சிட்டா. அந்த முகத்த நான் சாகுற வரைக்கும் மறக்கப்போறது இல்ல.

வேப்பமரத்தடியில நிக்க வச்சுச் சொன்னேன். ஒளிக்காமச் சொன்னேன். குச்சிய வெளிய எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எடுத்தேன், அதனாலதான் செத்துச்சு, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அவ திட்டணும்னு இருந்துச்சு எனக்கு. ரோட்டுல நாலு பேரு பாக்க என் முடியப் பிடிச்சு இழுக்கணும், மண்ண வாரித் தூத்தணும், அப்படி ஏதாவது செஞ்சிருந்தா நான் வீட்டுக்குப் போயித் தூங்கியிருப்பேன். அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மிச்சம் இருக்கிற ரெண்டும் அதே குச்சிதானான்னு. ஆமான்னேன். அந்த ரெண்ட மதுரைக்குக் கொண்டுபோயி, ஊசியால கருமுட்டைக்குள்ள செலுத்திப் பாக்கலாம், அதுக்கு உசுரோட ஒண்ணு கெடச்சாப் போதும்னு டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். "ஒண்ணு இருக்குமா?"ன்னு கேட்டா. தெரியலன்னேன். உண்மையிலேயே தெரியல. உருக வச்சுப் பாத்தாத்தான் தெரியும், பாத்துட்டா மறுபடி உறைய வைக்க முடியாது.

நான் அழுதேன். அவதான் முந்தானைய எடுத்து எனக்குக் குடுத்தா.

"விடுங்கக்கா. தொறந்தது நீங்க, செரி. தொறங்க தொறங்கன்னு கெஞ்சுனது யாரு? நான்தான மாசாமாசம் பஸ் ஏறி வந்து கொன்னேன்."

முதுகு

அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு அவ வரல. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அந்த நிம்மதிய நெனச்சு வெக்கம். மதுரைக்குப் போக நாள் குறிச்சாச்சு. ரெண்டு குப்பியையும் சின்னக் கேனுல மாத்தி எடுத்துட்டுப் போகணும். அது வரைக்கும் அந்த மூணாவது கேன் பக்கமே நான் போகல. நைட்ரஜன் ஊத்தும்போது மட்டும் தொறந்து, மூச்ச விடாம மூடிருவேன்.

போன ஞாயிறு காலையில கதவத் தொறந்தா, வராண்டா பெஞ்சுல பேச்சி உக்காந்திருக்கா. செவத்தப் பாத்து, லேபுக் கதவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. டாக்டரம்மாவப் பாக்கணுமான்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டுனா. உள்ளயாவது வந்து உக்காரு, ஃபேன் இருக்குன்னு சொன்னேன். திரும்பியே பாக்கல. செவத்துகிட்டப் பேசுற மாதிரி, "ரெண்டும் இருக்குல்லாக்கா?"ன்னு கேட்டா. இருக்குன்னு சொன்னேன். உசுரோட இருக்கான்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல. பன்னெண்டு மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா, நான் உள்ள நின்னுக்கிட்டு அவ முதுகப் பாத்துக்கிட்டே இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சப்ப கூடக் கதவுப் பக்கம் கண்ணக் காட்டாம, பக்கவாட்டுலயே நடந்து படியில இறங்குனா.

"நான் உள்ள வரலக்கா. வராம வீட்டுல இருக்கவும் முடியல. இங்கனயே அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டுப் போறேன். என் கண்ணு படாம இருக்கட்டும்."

மனசுல இரக்கம் உள்ளவங்க இந்த வேலைக்கு வந்திராதீங்க, இரக்கம் இல்லாதவங்களும் வந்திராதீங்க, மத்தபடி நல்ல வேலைதான்.